சீட்டு வந்த வீட்டுக்கு: குழந்தையின் உடல் பருமனை எதிர்கொள்ள ஒரு வழிகாட்டி

பள்ளியில் உடல்நலப் பரிசோதனை முடிந்த அன்று, புத்தகப்பைக்குள் மடித்துவைத்த ஒரு சீட்டு வீட்டுக்கு வருகிறது. ‘வயதுக்கு மீறிய எடை. மருத்துவரை அணுகவும்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அதைப் படித்த பெற்றோரில் ஒரு சாரார், ‘எங்கள் பரம்பரையே இப்படித்தான், வளர வளரச் சரியாகிவிடும்’ என்று சீட்டைக் கசக்கி எறிகிறார்கள். மறு சாரார் அன்று இரவே குழந்தையின் தட்டிலிருந்து பாதியை எடுத்துவிடுகிறார்கள். நான் இரண்டையும் செய்தவன், அதுவும் ஒரே வாரத்தில். இரண்டாவது தவறு முதலாவதைவிட மோசமானது என்று புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலோர் ஐந்தாம் படியில் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

படி 1: அளந்து பாருங்கள்

கண்ணை நம்ப முடியாது. அதிக எடையுள்ள குழந்தைகளின் பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தங்கள் குழந்தை அப்படி இருப்பதே தெரிவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இதில் பெற்றோரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் அதிக எடை கொண்டவர்கள் 1990இல் 8 விழுக்காடு. 2022இல் 20 விழுக்காடு. ஐந்தில் ஒரு குழந்தை அதிக எடையோடு இருக்கும் இடத்தில், கண் அதையே இயல்பு என்று பழகிக்கொள்கிறது. ஒல்லியாகத் தெரியும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் எடை உண்மையில் சரியாகவே இருக்கக்கூடும்.

உயரத்தை அளப்பதுதான் கடினமான வேலை. செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். குதிகால், இடுப்பின் பின்பகுதி, தோள் மூன்றும் சுவரில் படும்படி நிறுத்தி, நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். உயரம் கணக்கில் இருமுறை வருவதால், அதில் நிகழும் சிறு பிழையும் பெரிதாகிவிடும். எடையை மெல்லிய உடையில், காலையில் பார்த்தால் போதும்.

இனி கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் உடல் எடைக் குறியீடு கிடைக்கும். 130 செ.மீ. உயரமும் 40 கிலோ எடையும் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன் என்றால், 40ஐ 1.3ஆல் வகுத்து, வந்ததை மீண்டும் 1.3ஆல் வகுக்கவேண்டும். விடை ஏறத்தாழ 23.7.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பெரியவர்களுக்கு 25 வரை கவலையில்லை என்று கேள்விப்பட்டிருப்பார்கள், 23.7 என்றதும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பெரியவர்களின் அளவுகோல் குழந்தைக்குப் பொருந்தாது. ஆறு வயதுச் சிறுவனுக்கு 19 என்பதே உடல் பருமன். குழந்தைக்கு வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்கும் வளர்ச்சி வரைபடம் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 2006இலும், 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 2007இலும் வெளியிட்ட வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வயதும் குறியீடும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஐந்து வயதைக் கடந்த குழந்தையின் புள்ளி, வரைபடத்தில் +1 என்று குறித்திருக்கும் கோட்டுக்கு மேலே இருந்தால் அதிக எடை; +2 கோட்டையும் தாண்டினால் உடல் பருமன். ஐந்து வயதுக்குக் கீழே இதே பெயர்களுக்கு +2, +3 கோடுகள். நம் ஒன்பது வயதுச் சிறுவன் +2 கோட்டைத் தெளிவாகவே தாண்டியிருக்கிறான்.

ஒரே ஒரு புள்ளியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பழைய தடுப்பூசி அட்டையிலும் பள்ளிக் குறிப்பேட்டிலும் எடையும் உயரமும் இருந்தால் தேடி எடுத்து, அவற்றையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். குழந்தைகளின் குறியீடு முதல் வயதுக்குப் பிறகு மெல்ல இறங்கி, ஐந்து அல்லது ஆறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, அங்கிருந்து மறுபடியும் ஏறும். அந்த ஏற்றம் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்கிவிட்டால் பிற்காலத்தில் பருமனாகும் வாய்ப்பு கூடுகிறது. ‘கொழுகொழுவென்று இருந்த குழந்தை இளைத்துவிட்டதே’ என்று நான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படும் பெரியவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது இயல்பான வளர்ச்சியைப் பார்த்துத்தான்.

இன்னும் ஒரு சிறு சோதனை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்கவேண்டும். ஒரு நூலை உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படி 2: மருத்துவரிடம் போகும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

ஹார்மோன் கோளாறாக இருக்குமோ என்பதுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி. மிக அரிதாகவே அப்படி இருக்கும். அதற்கு ஒரு நல்ல துப்பு உயரத்தில் கிடைக்கிறது. உணவு மிகுந்து எடை கூடிய குழந்தை பொதுவாகத் தன் வயதுக்கு உயரமாகவே இருக்கும். எடை ஏறிக்கொண்டிருக்க, உயரம் மட்டும் நின்றுபோயிருந்தால் தைராய்டு, அட்ரினல் சுரப்பிகளைச் சோதிக்கச் சொல்வார்கள். ஐந்து வயதுக்கு முன்பே அடங்காத பசியோடு எடை வேகமாகக் கூடினால் மரபணுக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டீராய்டு, சில வலிப்பு மருந்துகள், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். அவற்றை எடுத்துக்கொள்ளும் குழந்தையாக இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று நினைத்து அதை நார் போட்டுத் தேய்க்கும் வீடுகள் ஏராளம். இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்கவில்லை என்பதன் அடையாளம் அது. இரண்டாம் வகை நீரிழிவுக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். சோப்பில் போகாது. இரவில் உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும், பகலில் வகுப்பில் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இடுப்பு வலியோ முழங்கால் வலியோ வந்து குழந்தை நொண்டினால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பருமனான குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பருவமடையும் வயதில், தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பு மூட்டில் நழுவக்கூடும். சிக்கல் இடுப்பில் இருக்க, வலி முழங்காலில் தெரியும்.

படி 3: இலக்கைச் சரியாக வையுங்கள்

எடையைக் குறைப்பது இலக்காக இருக்கவேண்டியதில்லை. இதைக் கேட்டதும் பலர் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டினால்தான் நம்புவார்கள்.

அந்த ஒன்பது வயதுச் சிறுவனையே எடுத்துக்கொள்வோம். இந்த வயதில் ஆண்டுக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர்வது இயல்பு. எடை 40 கிலோவிலேயே நிற்கிறது, இரண்டு ஆண்டுகளில் உயரம் 142 செ.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு 23.7இலிருந்து 19.8ஆக இறங்கிவிடும். ஒரு கிலோகூடக் குறையாமல், உடல் பருமன் என்ற கட்டத்திலிருந்து அதிக எடை என்ற கட்டத்தின் கீழ் எல்லைக்கு அருகே வந்துவிடுவான். உயரம் செய்யும் வேலை இது. பெரியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

எடை ஏறும் வேகத்தைத் தடுத்தால் பெரும்பாலான சிறு குழந்தைகளுக்குப் போதும். எடையைக் குறைத்தே ஆகவேண்டிய குழந்தைகளும் உண்டு. அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்யவேண்டும். பட்டினி, ஒருவேளை உணவைத் தவிர்ப்பது, இணையத்தில் வரும் முப்பது நாள் திட்டங்கள் எல்லாம் வளரும் எலும்போடும் மூளையோடும் விளையாடுவதற்குச் சமம்.

படி 4: மாற்றவேண்டியது யாரை?

இங்கே இரண்டு ஆய்வுகளைச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் என் எண்ணத்தைத் திருப்பியவை அவை. அமெரிக்காவில் லெனார்ட் எப்ஸ்டைன் குழுவினர் பருமனான குழந்தைகளுக்குக் குடும்பத்தோடு சிகிச்சை கொடுத்து, பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிய குழுவில், பத்து ஆண்டுகள் கழித்தும் குழந்தைகளின் மிகை எடை தொடக்கத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது கூடியிருந்தது. இஸ்ரேலில் மோரியா கோலன் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு பிரிவில் குழந்தைகளுக்கு மட்டும் பயிற்சி. இன்னொரு பிரிவில் பெற்றோருக்கு மட்டும், குழந்தைகளை அழைக்கவே இல்லை. 1998இல் வெளியான முடிவில், அழைக்கப்படாத குழந்தைகளின் மிகை எடைதான் அதிகம் குறைந்திருந்தது. இடையில் விலகியவர்களும் அந்தப் பிரிவில் குறைவு.

கடையில் பொருள் வாங்குவதும், சமைப்பதும், தொலைக்காட்சியை அணைப்பதும் எட்டு வயதுக் குழந்தையின் கையில் இல்லை. அலமாரியில் இருப்பதைத்தான் அது தின்னும். ஆகவே ஒரு குழந்தைக்கு மட்டும் தனித் தட்டு, தனி உணவு என்ற ஏற்பாட்டை இன்றே நிறுத்துங்கள். ஒல்லியாக இருக்கும் அண்ணனுக்கு இனிப்பு, பருமனான தங்கைக்கு வெள்ளரிக்காய் என்பது தங்கைக்குத் தண்டனை. அண்ணனுக்கும் அது நல்லதில்லை. வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே உணவு, தாத்தா பாட்டி உட்பட. தாத்தா பாட்டியோடு நடக்கும் பேச்சுவார்த்தைதான் இந்த வழிகாட்டியிலேயே கடினமான பகுதி. என்னிடம் அதற்கு மந்திரம் எதுவும் இல்லை. மருத்துவரிடம் போகும்போது அவர்களையும் அழைத்துச் செல்வது ஓரளவு உதவுகிறது.

எடை எந்திரத்தைக் குழந்தையின் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ‘குண்டு’, ‘தடியா’ என்ற சொற்களைக் கேலிக்காகக்கூட வீட்டில் யாரும் பயன்படுத்தக் கூடாது. எடையைப் பற்றியே பெற்றோர் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில் வளரும் பதின்வயதினரிடம், பட்டினி கிடப்பது, வெறியோடு அள்ளித் தின்பது போன்ற பழக்கங்கள் அதிகம் காணப்படுகின்றன. உணவின் நன்மையைப் பற்றி மட்டும் பேசும் வீடுகளில் அவை குறைவு. கண்ணாடி முன் நின்று உங்கள் வயிற்றையே நீங்கள் திட்டிக்கொள்வதும் இதில் சேர்த்தி.

படி 5: குடிப்பதிலிருந்து தொடங்குங்கள்

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 330 மி.லி. குளிர்பானக் கேன் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட ஒன்பது தேக்கரண்டி. அவ்வளவு சர்க்கரையைக் கிண்ணத்தில் கொட்டிக் கொடுத்தால் எந்தக் குழந்தையும் தின்னாது. கரைத்துக் குளிரவைத்துக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் காலி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாள் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும் இந்தக் கணக்கில் வரும். ஒரு நாளைக்கு 1,500 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு 10 விழுக்காடு என்பது 37 கிராம் சர்க்கரை. ஒரு கேனோடு அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

இனிப்புப் பானத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது வயிற்றை நிரப்பினாலும் பசியை அதே அளவுக்குக் குறைப்பதில்லை. குடித்த பிறகும் குழந்தை வழக்கம்போலத்தான் சாப்பிடும். நெதர்லாந்தில் 641 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் 250 மி.லி. சர்க்கரைப் பானமும், மறு பிரிவுக்கு அதே சுவையில் சர்க்கரை இல்லாத பானமும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று குழந்தைகளுக்குத் தெரியாது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரைப் பிரிவினர் சராசரியாக ஒரு கிலோ கூடுதலாக எடை ஏறியிருந்தார்கள். 2012இல் வெளியான இந்த ஆய்வில் வேறு எதையும் மாற்றவில்லை; நாளுக்கு ஒரு குவளைதான்.

பழச்சாறு நல்லதுதானே என்று கேட்பீர்கள். பழம் நல்லது. சாறாகப் பிழிந்தால் நார் போய்விடுகிறது. நான்கு பழத்தின் சர்க்கரை ஒரு குவளைக்குள் வந்துவிடுகிறது. ஒரு வயதுவரை பழச்சாறே வேண்டாம், மூன்று வயதுவரை நாளுக்கு 120 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் சொன்னது. வீட்டில் பிழிந்தாலும் கணக்கு அதேதான். பாலில் கலக்கும் சுவையூட்டிப் பொடிகளையும் ஒருமுறை திருப்பி லேபிளைப் பாருங்கள்.

எப்படி நிறுத்துவது? தடை அறிவிப்பு வேண்டாம். வாங்குவதை நிறுத்தினால் போதும். தண்ணீரைக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில், அதற்குப் பிடித்த குவளையோடு வையுங்கள். பாலில் தினமும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போடுபவராக இருந்தால், வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள். நான்கு வாரத்தில் பூஜ்யம். நாக்கு அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

படி 6: சாப்பாட்டு நேரத்தில் யார் எதைத் தீர்மானிப்பது?

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதற்கு எளிய ஒரு பாகப்பிரிவினையைச் சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிமையாக இருக்கும். நடைமுறையில், நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ‘என்ன வேண்டும்?’ என்று குழந்தையிடம் கேட்டுச் சமைத்துவிட்டு, ‘எல்லாவற்றையும் முடித்தால்தான் எழுந்திருக்கலாம்’ என்று அளவை நாம் தீர்மானிக்கிறோம். வயிறு நிறைந்துவிட்டது என்ற சமிக்ஞையை மதிக்காமல் ஊட்டினால், நாளடைவில் குழந்தையும் அதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது.

மூன்று வேளை உணவு, இடையில் ஒன்று அல்லது இரண்டு சிற்றுண்டி. நேரம் குறித்து வையுங்கள். இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் மட்டும். திரைக்கு முன் உணவு வேண்டாம். நாளுக்கு ஒருவேளையாவது எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம் என்று மனதில் கோடு போட்டுக்கொண்டால் எடை போட்டுப் பார்க்கவேண்டியதில்லை. முதலில் சிறிதாகப் பரிமாறுங்கள். கேட்டால் மறுபடியும் கொடுங்கள்.

காய்கறியைத் துப்பிவிட்டால், ‘அவனுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடாதீர்கள். புதிய சுவையை ஏற்க ஒரு குழந்தைக்கு எட்டு முதல் பதினைந்து முறை சந்திப்பு தேவைப்படலாம். பெரும்பாலான பெற்றோர் மூன்று, நான்கு முறையில் முடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு விரல்நுனி அளவு வைத்தால் போதும். தின்னச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். நீங்கள் தின்பதைக் குழந்தை பார்க்கட்டும். ‘காயைத் தின்றால் ஐஸ்கிரீம் தருகிறேன்’ என்ற பேரத்தில் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: காய் ஒரு தண்டனை, ஐஸ்கிரீம் ஒரு பரிசு.

முழுத் தடையும் உதவாது. லியான் பர்ச், ஜெனிஃபர் ஃபிஷர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட சோதனையில், ஒரு தின்பண்டத்தைக் கண்முன்னே வைத்துக்கொண்டு அதைத் தொடவிடாமல் தடுத்தார்கள். குழந்தைகளின் பேச்சும் நோக்கமும் அதையே சுற்றிச்சுற்றி வந்தன. எனக்கு இதைப் புரியவைத்தது சோதனைக்கூடம் அன்று. சலவைக்குப் போட எடுத்த தலையணை உறைக்குள்ளிருந்து மூன்று காலிப் பொட்டலங்கள் விழுந்த நாளில்தான் புரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் தின்பண்டத்தை ஒளித்துவைப்பதில்லை; வாங்கி வைப்பதும் இல்லை. வெளியே போகும் நாளில் எல்லாரும் சேர்ந்து தின்றுவிட்டு வருகிறோம், குற்றவுணர்ச்சி இல்லாமல்.

படி 7: லேபிள், தூக்கம், ஓட்டம்

லேபிளில் இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். உட்பொருள் பட்டியல் எடை வரிசையில், அதிகமானது முதலில் வரும்படி எழுதப்படுகிறது. முதல் மூன்றில் சர்க்கரையின் பெயர் இருந்தால் அது இனிப்புப் பண்டம், உறையில் என்ன படம் போட்டிருந்தாலும் சரி. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், அடர்த்தியாக்கிய பழச்சாறு எல்லாம் அதன் மாறுவேடங்கள். அடுத்து, சத்துப் பட்டியலில் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற நிரலை மட்டும் படியுங்கள். ஒரு பரிமாறலுக்கு என்ற நிரலில் தயாரிப்பாளர் விருப்பம்போல் அளவைச் சுருக்கிக்கொள்ளலாம்.

தூக்கத்தைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. குறைவாகத் தூங்கும் குழந்தைக்குப் பசி கூடுகிறது, அதுவும் இனிப்பின் மேல். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். படுக்கையறையில் திரை இருந்தால் இது நடக்காது. உங்கள் கைப்பேசியையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐந்து வயதைக் கடந்தவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு தேவை. ஒரே மூச்சில் அறுபது என்று இல்லை. பள்ளிக்கு நடப்பது, மாடிப்படி, தெருவில் ஓடிப்பிடிப்பது எல்லாம் சேரும். பருமனான குழந்தையை ஓட்டப்பந்தயத்தில் விட்டு, கடைசியாக வரவைத்து, மற்றவர்கள் சிரிக்க விடாதீர்கள். நீச்சல், சைக்கிள், நடனம், பந்தை வீசும் ஆட்டங்கள் என்று அதன் உடல் பலம் வெளிப்படும் இடமாகப் பாருங்கள்.

படி 8: பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள்

விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைக் குழந்தை பள்ளியில் கழிக்கிறது. வீட்டில் நீங்கள் கட்டியதை அங்கே கலைத்துவிட முடியும். ஆனால் பள்ளியை எதிரியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்காவில் மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு முடியும்வரை குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. அதிக எடை கொண்டவர்களின் எண்ணிக்கை கூடியது முழுவதும் கோடை விடுமுறைகளில்தான். பள்ளி நடந்த மாதங்களில் கூடவே இல்லை. மணி அடித்தால் உணவு, மணி அடித்தால் ஆட்டம், நேரத்துக்குத் தூக்கம் என்ற ஒழுங்கே பாதிப் பாதுகாப்பைக் கொடுத்துவிடுகிறது.

தனியாகப் போனால் அது புகாராகத்தான் கேட்கும். நான்கு பெற்றோர் சேர்ந்து, ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். நான் பள்ளி உணவுக் குழுவில் உட்கார்ந்திருந்த காலத்தில், பதினேழு அம்சக் கடிதங்கள் எல்லாம் கோப்புக்குள் அடங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். ‘குடிநீர்க் குழாயைச் சரிசெய்யுங்கள்’ என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்கு மறு மாதமே தண்ணீர் வந்தது.

குடிநீரையே முதல் கோரிக்கையாக வைக்கச் சொல்வேன். ஜெர்மனியில் டார்ட்மண்ட், எஸ்சன் நகரங்களில் 32 தொடக்கப்பள்ளிகளில் ஏறத்தாழ 3,000 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் குளிர்ந்த குடிநீர் வசதி வைத்து, தண்ணீரைப் பற்றி நான்கு பாடம் நடத்தினார்கள். ஒரே கல்வியாண்டில், மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் அங்கே அதிக எடைக்கான வாய்ப்பு 31 விழுக்காடு குறைவாக இருந்தது. குழாயைத் தவிரப் பெரிய செலவு எதுவும் இல்லை.

அடுத்தது சிற்றுண்டிச்சாலை. வகுப்பில் சமச்சீர் உணவைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, வாசலில் குளிர்பானம் விற்றால் குழந்தை எதை நம்பும்? சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு, கலோரி மிகுந்த பொருட்களின் உறையில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை இருக்கவேண்டும். அந்த முத்திரை உள்ளவற்றைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது. சட்டம் இல்லாத இடத்திலும் ஒரு பள்ளி இந்த விதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். முத்திரைக்குப் பதில், முன்பு சொன்ன 100 கிராம் நிரலைப் பார்த்தால் போதும்.

ஆசிரியர்களிடம் சில வார்த்தைகள். சரியான விடைக்கு மிட்டாய் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்டிக்கரும், கதைநேரமும், வரிசையின் முதல் இடமும் அதே வேலையைச் செய்யும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் ஆண்டுக்கு நாற்பது பிறந்தநாள். எல்லாவற்றுக்கும் இனிப்பு என்றால் கிட்டத்தட்ட வாரம் ஒன்று. மாதத்துக்கு ஒரே நாளில் சேர்த்துக் கொண்டாடலாம். உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிடமாவது கொடுங்கள். அவசரப்படுத்தினால் குழந்தைகள் மிச்சம் வைப்பது முதலில் காயும் பழமும்தான். முடிந்தால் விளையாட்டு இடைவேளையை உணவுக்கு முன்னால் வையுங்கள். ஆட்டத்துக்கு ஓடவேண்டும் என்ற அவசரம் இருக்காது, பசியும் இருக்கும். ஜப்பானியப் பள்ளிகளில் குழந்தைகளே முறைவைத்துப் பரிமாறி, ஆசிரியரும் அதே உணவை வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஆசிரியர் தின்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய ஊட்டச்சத்துப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

உடற்கல்வி வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவது எங்கும் நடக்கிறது. திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் எலெய்ன் வைலி 2012இல் ஒரு வழி கண்டார். தினமும் பதினைந்து நிமிடம், போட்டிருக்கும் சீருடையோடு, வகுப்பு முழுவதும் வெளியே போய் ஓடலாம் அல்லது நடக்கலாம். போட்டி இல்லை, நேரம் குறிப்பதில்லை, முதலிடம் கடைசியிடம் இல்லை. பல நாட்டுப் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன. மைதானமே இல்லாத பள்ளியிலும் கட்டடத்தைச் சுற்றி நடக்கலாம்.

எடை பார்ப்பதைப் பள்ளி எப்படிச் செய்கிறது என்றும் கேளுங்கள். தனி அறையில், எண்ணை உரக்கச் சொல்லாமல், முடிவை மூடிய உறையில் பெற்றோருக்கு மட்டும் அனுப்பவேண்டும். எங்களுக்கு வந்த சீட்டு மூடப்படாமல் வந்தது. அதைப் பேருந்திலேயே பக்கத்து இருக்கைப் பையன் படித்துவிட்டான். அடுத்த மூன்று மாதம் என் பிள்ளை மதிய உணவை யார் கண்ணிலும் படாமல் மைதானத்து மூலையில் உட்கார்ந்து தின்றான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கேலி எடையைக் குறைப்பதில்லை. கேலிக்கு ஆளான குழந்தைகளின் எடை பிற்காலத்தில் கூடுவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. பட்டப்பெயரைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிடும் ஆசிரியரிடம் இதை நேராகச் சொல்லலாம்.

படி 9: மூன்று மாதம் கழித்து

தினமும் அளக்கவேண்டாம், வாரமும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே சுவர், அதே புத்தகம், அதே காலை நேரம். புள்ளியை வரைபடத்தில் குறியுங்கள். கோடு படுக்கத் தொடங்கியிருந்தால் அதே வழியில் போங்கள். இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், படி 5ஐ மறுபடியும் நேர்மையாகப் பாருங்கள். பெரும்பாலும் வேறு யாரோ வீட்டில் குளிர்பானம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதத்திலும் அசையவில்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் திரும்பப் போங்கள். பதின்வயதில் கடுமையான பருமனுக்கு இப்போது மருந்துகளும் அறுவைச் சிகிச்சையும்கூட உண்டு. யாருக்கு எது என்பதை அவர் சொல்வார்.

நீண்ட விடுமுறை தொடங்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல் ஏற்பாடு தேவைப்படும். பள்ளி மணியின் வேலையை வீடு எடுத்துக்கொள்ளவேண்டிய காலம் அது. எழும் நேரம், சாப்பாட்டு நேரம், வெளியே போகும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள். குழந்தையை விட்டே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டுத் தாளில் ‘அப்பா கைப்பேசியை வைக்கும் நேரம்’ என்று நான்காவதாக ஒரு வரியும் இருக்கிறது. அதைச் சேர்த்தது நானில்லை.